'லிட்டில் க்ரோ' பெயரில் காகம் எங்கே?

ஏரிக்கரையான்

வணக்கம் நண்பர்களே. செயின்ட் பால் நகரத்தை ஒட்டிக் குடியிருக்கிறேன். மகள் ஆறாம் வகுப்பு. இங்கே அந்த வகுப்பில் மினசோட்டா வரலாறு பாடம் உண்டு. ஆளுக்கு ஒரு பெயரை எடுத்துக்கொண்டு, வம்சாவளி வரைந்து, பெயருக்குப் பொருளும் எழுதி ஒட்ட வேண்டுமாம். அவள் எடுத்தது லிட்டில் க்ரோ. 1862-இல் அமெரிக்க அரசோடு நடந்த போரில் டகோட்டா என்ற பழங்குடி மக்களுக்குத் தலைமை தாங்கியவர்.

நேற்று இரவு சார்ட் பேப்பரை விரித்து உட்கார்ந்தோம். ஓரிடத்தில் பெயருக்குப் பொருள் 'சின்னக் காகம்' என்று இருக்கிறது, இன்னோரிடத்தில் 'அவருடைய சிவந்த மக்கள்' என்று. அப்பா பெயர் 'பெரிய இடி'. தாத்தா பெயர் திரும்பவும் லிட்டில் க்ரோ. அந்த அப்பாவையும் சிலர் லிட்டில் க்ரோ என்கிறார்கள். மனைவியர் நான்கு பேர், நால்வரும் அக்கா தங்கைகள். இந்தப் பக்கம் வந்தால் தாமஸ் வேக்மன், ஜான் வேக்மன் என்று வெள்ளைக்காரப் பெயர்கள் முளைத்து நிற்கின்றன. அழித்து அழித்து எழுதியதில் பேப்பரில் ஓட்டை விழுந்ததுதான் மிச்சம்.

"அப்பா, காகம்னா இவங்க மொழியில என்ன?" என்று கேட்டாள். பதில் தெரியவில்லை. யாராவது சொல்லுங்கள்.

வழிப்போக்கன்_63

இதில் என்ன குழப்பம்? 1805-இல் பைக் என்ற ராணுவ அதிகாரியோடு ஒப்பந்தம் போட்டவர்தானே இவர்? அந்தக் காகிதத்திலேயே 'சின்னக் காகம்' என்று பிரெஞ்சில் இருக்கிறது. கையெழுத்தே போட்டிருக்கிறார், அப்புறம் வேறு பொருள் எதற்கு?

பழஞ்சுவடி

வழிப்போக்கன், அது தாத்தா. மகள் எடுத்திருப்பவர் பிறந்ததே 1810 வாக்கில்தான்.

செபுலான் பைக் 1805 செப்டம்பர் 23 அன்று, மிசிசிப்பியும் மினசோட்டா ஆறும் கூடுகிற இடத்தில் இருக்கும் தீவில் வைத்து அந்த ஒப்பந்தத்தை எழுதினார். (ஏரிக்கரையான், உங்கள் ஊர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான் அந்த இடம்.) ஏழு தலைவர்கள் வந்திருந்தார்கள், குறி போட்டது இரண்டே பேர். அதில் ஒருவர் 'லெ பெட்டீ கார்போ'. பிரெஞ்சில் காகத்துக்கு 'கோர்போ' என்று வர வேண்டும், அதுவே எழுத்துப் பிழை. அவர் கையெழுத்து ஒரு பெருக்கல் குறி. பெயரை எழுதியவர் குமாஸ்தா. ஆகவே 'கையெழுத்தே போட்டிருக்கிறார்' என்பது செல்லாது. ஏறக்குறைய ஒரு லட்சம் ஏக்கர் கைமாறியது. எவ்வளவு பணம் என்ற இடத்தை அன்றைக்குக் காலியாகவே விட்டுவிட்டார்கள், பிறகு செனட் 2,000 டாலர் என்று நிரப்பியது. அது தனிக் கதை.

தாத்தாவின் சொந்தப் பெயர் செட்டான் வாக்கூவா மானி. மகளிடம் இப்படிப் பிரித்துச் சொல்லுங்கள்: செட்டான் என்றால் வல்லூறு, வாக்கூவா என்றால் வேட்டையாடுகிற, மானி என்றால் நடப்பது. நடந்துகொண்டே வேட்டையாடும் வல்லூறு. பிரெஞ்சு வியாபாரிகள் வாயில் அது காகமாகிவிட்டது. டகோட்டாவில் காகம் 'காங்கி'. அந்தப் பெயரில் காங்கியும் இல்லை, சின்னதும் இல்லை.

அவர் மகன் வாக்கின்யான் டாங்கா. வாக்கின்யான் இடி, டாங்கா பெரிய. 'பெரிய இடி' சரியான மொழிபெயர்ப்புதான். அவருடைய மகன்தான் உங்கள் ஆள், டாஓயாட்டே டூட்டா. மூன்று பேருக்கும் மூன்று தனிப் பெயர்கள். வெளியார் மூவரையும் ஒரே பெயரில் கூப்பிட்டார்கள். அது குடும்பப் பெயரும் இல்லை, அவர்களே சூட்டிக்கொண்ட பட்டப் பெயரும் இல்லை. கணக்குப் புத்தகத்தில் ஒரு பெயர் ஏறிவிட்டால் அடுத்த தலைமுறைக்கும் அதையே எழுதுவது சுலபம், அவ்வளவுதான்.

சொற்பித்தன்

பொருள் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

டாஓயாட்டே டூட்டா. முன்னால் நிற்கும் 'டா' என்பது 'அவருடைய'. 'ஓயாட்டே' மக்கள், குடி, நாடு. 'டூட்டா' சிவப்பு. சேர்த்தால் 'அவருடைய சிவந்த மக்கள்'. 1851 ஆகஸ்டில் மெண்டோட்டாவில் போட்ட ஒப்பந்தத்திலேயே அவர் பெயர் டகோட்டா ஒலியில் இருக்கும், பக்கத்தில் 'அவருடைய செந்நிற மக்கள், அல்லது லிட்டில் க்ரோ' என்று விளக்கமும் இருக்கும். அந்த 'அல்லது' என்ற சொல்தான் எல்லோரையும் குழப்புகிறது. இரண்டும் ஒரே பெயரின் இரண்டு மொழிபெயர்ப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். ஒன்று அவர் பெயரின் பொருள், மற்றது தாத்தா பெயரின் தப்பான பொருள்.

சிவப்புக்கு டகோட்டாவில் இரண்டு சொற்கள் உண்டு. சாதாரணச் சிவப்பு 'ஷா'. 'டூட்டா' கொஞ்சம் உயர்ந்த வழக்கு, பளிச்சென்ற செந்நிறம், பெயர்களிலும் சடங்குப் பேச்சிலும் வருவது. நாம் சிவப்புச் சட்டை என்கிறோம், ஆனால் செஞ்சடையோன் என்கிறோம் அல்லவா, கிட்டத்தட்ட அந்த மாதிரி. போருக்கு ஐந்து வருடம் முந்தி வெள்ளைக்காரர்களோடு மோதிய இன்க்பாடூட்டா என்ற தலைவர் பெயரிலும் இதே டூட்டாதான்.

இன்னொன்று. டகோட்டாவின் 'ட' மேற்கே லகோட்டா பேச்சில் 'ல' ஆகிவிடும். டகோட்டா, லகோட்டா என்ற இனப் பெயர்களே அப்படித்தான். டூட்டா அங்கே 'லூட்டா'. ரெட் கிளவுட் என்று எல்லோருக்கும் தெரிந்த லகோட்டா தலைவரின் பெயர் மாஹ்பியா லூட்டா, செம்மேகம். இங்கே செம்மக்கள், அங்கே செம்மேகம், சொல் ஒன்றுதான். அதேபோல் கழுகு டகோட்டாவில் 'வம்டி', லகோட்டாவில் 'வன்ப்ளி'. பெயரின் எழுத்தைப் பார்த்தே ஆள் கிழக்கா மேற்கா என்று பாதி சொல்லிவிடலாம். வம்சாவளி தேடுகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

கரிசல்மண்

அப்போ 'சிவந்த மக்கள்' என்றால் செவ்விந்தியர் என்றுதானே பொருள்?

சொற்பித்தன்

இல்லவே இல்லை. அது வெள்ளைக்காரர் தோல் நிறத்தை வைத்துச் சொன்னது, நாம் அதைப் பள்ளிப் புத்தகத்தில் அப்படியே ஏற்றுக்கொண்டோம். டூட்டாவைத் தோல் நிறம் என்று படித்தால் செம்மேகத்தை என்ன செய்வீர்கள்? மேகத்துக்கு ஏது தோல்? தயவுசெய்து அந்தப் பாப்பாவின் சார்ட்டில் 'செவ்விந்தியர்' என்று எழுத வைத்துவிடாதீர்கள்.

கரிசல்மண்

சரி சரி, கோபிக்காதீர்கள். கேட்டால்தானே தெரியும்.

அத்தைமகள்

பெயர்ச் சிக்கலை நீங்கள் தீர்த்துவிட்டீர்கள். உறவுச் சிக்கலுக்கு நான் வருகிறேன். என் கணிப்பில் அதுதான் பெரிய சிக்கல். அதிசயம் என்னவென்றால், அமெரிக்கக் குமாஸ்தாக்கள் தடுமாறிய இடத்தில் நமக்குத் தடுமாற்றமே வராது.

டகோட்டாவில் அப்பாவை 'ஆட்டே' என்பார்கள். அப்பாவின் அண்ணன் தம்பிகளும் ஆட்டேதான். அம்மா 'இனா'. அம்மாவின் அக்கா தங்கைகளும் இனா. ஆனால் அம்மாவின் அண்ணன் தம்பிக்குத் தனிச் சொல், 'டெக்ஷி'. அப்பாவின் அக்கா தங்கைக்குத் தனிச் சொல், 'டுன்வின்'. பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சின்னம்மா ஒரு பக்கம், மாமனும் அத்தையும் இன்னொரு பக்கம். தெரிந்த கணக்குதானே? பெரியப்பா பிள்ளைகள் அண்ணன் தம்பி, மாமன் பிள்ளைகள் வேறு முறை. அங்கேயும் அதே பிரிவுதான்.

இதை ஆங்கிலத்தில் எழுதப் போனால் என்ன ஆகும்? ஒரு பையன் தன் சித்தப்பாவைக் காட்டி ஆட்டே என்கிறான். மொழிபெயர்ப்பவர் 'தந்தை' என்கிறார். குமாஸ்தா எழுதிக்கொள்கிறார். அடுத்த வருடம் வேறொரு குமாஸ்தா விசாரித்து வேறொருவரைத் தந்தை என்று எழுதுகிறார். 150 வருடம் கழித்து நாம் இரண்டு காகிதத்தையும் வைத்துக்கொண்டு எது பொய் என்று தேடுகிறோம். இரண்டும் மெய்தான்.

ஏரிக்கரையானின் நான்கு மனைவியர் விஷயமும் இதில் அடங்கும். டாஓயாட்டே டூட்டா மணந்த அந்த நால்வரும், டகோட்டாக்களில் ஒரு பிரிவான வாஹ்பெட்டன் தலைவர் இன்யாங்மானியின் பெண்கள். (இன்யாங்மானி: ஓடி நடப்பவர். தாத்தா பெயரில் வந்த அதே 'மானி' இங்கேயும்.) நால்வரில் யார் பெற்ற பிள்ளையாக இருந்தாலும் நால்வரையும் இனா என்றுதான் கூப்பிடும். அக்கா தங்கைகள் நான்கு வெவ்வேறு வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாலும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கும். 'இவன் தாய் யார்' என்ற கேள்வி அந்த வீட்டுக்குள் யாருக்கும் தோன்றியிருக்காது. சார்ட்டில் ஒரே பெட்டி போட்டு நான்கு பெயரையும் உள்ளே எழுதச் சொல்லுங்கள்.

பழஞ்சுவடி

அத்தைமகள் சொன்னது அருமை, ஆனால் ஒரு கடிவாளம் போட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கே யாராவது 'டகோட்டாக்கள் தமிழர்கள்' என்று இழை திறந்துவிடுவார்கள்.

இந்த ஒற்றுமையை முதலில் விரித்து எழுதியவர் லூயிஸ் ஹென்றி மார்கன், நியூயார்க் மாநிலத்து வழக்கறிஞர். செனகா என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் உறவுமுறையைக் குறித்துக்கொண்டவர், ஆற்காட்டுப் பக்கம் இருந்த அமெரிக்க மதபோதகர்கள் வழியாகத் தமிழ் முறை கிடைத்ததும் ஆடிப்போனார். 1871-இல் வந்த அவர் அட்டவணைகளில் தமிழும் உண்டு, டகோட்டாவும் உண்டு. இதை வைத்து அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து வந்ததற்கு இதுவே சாட்சி என்றார். அந்த வாதம் நிற்கவில்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல சமூகங்களில் இதே அமைப்பு இருப்பது பிறகு தெரிந்தது.

முக்கிய வித்தியாசம் ஒன்று: நமக்கு மாமன் மகள், அத்தை மகள் கட்டிக்கொள்ளும் முறை. டகோட்டாக்களுக்கு அது கூடவே கூடாது. பிரித்து வைப்பதில் ஒற்றுமை, கட்டுவதில் நேர் எதிர். உங்கள் புனைபெயரை அங்கே போய்ச் சொல்லிவிடாதீர்கள் :)

அத்தைமகள்

:) ஏற்றுக்கொள்கிறேன். நானும் ஒற்றுமை என்றுதான் சொன்னேன், உறவு என்று சொல்லவில்லை.

ஏரிக்கரையான்

மகளுக்குப் படித்துக் காட்டினேன். 'இனா' அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. "நான் சித்தியை சின்னம்மான்னு கூப்பிடறேனே, அது மாதிரி." அவள் ஆசிரியைக்கு இதை எப்படி விளக்குவது என்பதுதான் இப்போது யோசனை.

வேக்மன் குடும்பம்? அப்புறம், லிட்டில் க்ரோவின் அப்பா இறந்தபோது நடந்த சண்டையில் அவரை அவருடைய சொந்தத் தம்பிகளே சுட்டார்கள் என்று படித்தாளாம். உண்மையா?

ஆற்றங்கரை_வேம்பு

உண்மை. மாற்றாந்தாய்ப் பிள்ளைகள். 1845-இல் பெரிய இடி வண்டியிலிருந்து துப்பாக்கியை இழுத்தபோது அது வெடித்து இறந்தார். மூத்த மகன் டாஓயாட்டே டூட்டா அப்போது மேற்கே மாமனார் ஊர்ப் பக்கம் இருந்தார். அடுத்த வருடம் படகில் கபோசியாவுக்குத் திரும்பியபோது தம்பிகள் கரையில் துப்பாக்கியோடு நின்றார்கள். (கபோசியா அவர்கள் ஊர், இன்றைய சவுத் செயின்ட் பால் பக்கம். அந்தச் சொல்லுக்கே 'பாரமில்லாத, லேசான' என்று பொருள்.) கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நின்றார், ஒரே குண்டு இரண்டு முன்கைகளையும் துளைத்தது என்பார்கள். ஸ்னெல்லிங் கோட்டை மருத்துவர் கைகளை வெட்டிவிடச் சொன்னார். இவர் மறுத்துவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டார். பிழைத்தார், தலைவரும் ஆனார். சுட்ட தம்பிகள் கொல்லப்பட்டார்கள். மணிக்கட்டு எலும்புகள் மட்டும் கோணலாகவே கூடின. பிற்காலத்தில் நீண்ட கைச்சட்டையால் அதை மறைத்துக்கொள்வாராம்.

அந்தக் கோணல் எலும்புகள்தான் பிறகு அவரை அடையாளம் காட்டின. 1863 ஜூலை 3 மாலை, ஹட்சின்சன் ஊருக்குப் பக்கத்தில் மகனோடு ராஸ்பெரி பறித்துக்கொண்டிருந்தபோது, லாம்சன் என்ற குடியேறியும் அவர் மகனும் சுட்டார்கள். இறந்தவர் யார் என்று சுட்டவர்களுக்கே தெரியாது. பதினாறு வயது மகன், அப்பா காலில் புது மொக்கசின் செருப்பை மாட்டி, உடம்பைப் போர்வையால் மூடிவிட்டுத் தப்பினான். உடலை ஊருக்குள் இழுத்துவந்து ஊரார் செய்ததை இந்த இழையில் எழுதப் போவதில்லை, ஒரு குழந்தைக்காகத் தொடங்கியது. சில வாரம் கழித்து அந்தப் பையன் பிடிபட்டுச் சொன்ன பிறகுதான் எல்லாம் உறுதியானது. லாம்சனுக்கு மாநிலம் 500 டாலர் கொடுத்தது.

மண்டை ஓடு, முன்கை எலும்பு, தலைத்தோல் எல்லாம் மினசோட்டா வரலாற்றுச் சங்கத்திடம் போய்ச் சேர்ந்தன. காட்சிக்கு வைத்திருந்தார்கள். 1915-இல்தான் காட்சியிலிருந்து எடுத்தார்கள். 1971-இல் பேரன் ஜெஸ்ஸி வேக்மனிடம் ஒப்படைத்தார்கள், தெற்கு டகோட்டாவில் ஃப்ளாண்ட்ரோ ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். இறந்து 108 வருடம் கழித்து.

மினசோட்டாவில் புதைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 1863-இல் காங்கிரஸ் சட்டம் போட்டு டகோட்டாக்களை அந்த மாநிலத்தைவிட்டே வெளியேற்றியது. குடும்பம் ஃப்ளாண்ட்ரோவில் இருந்ததால் டாஓயாட்டே டூட்டாவும் அங்கே போனார்.

பழஞ்சுவடி

வேக்மன் பற்றி. அந்தப் பையன் பெயர் வோவினாப்பே, 'புகலிடம்' என்று பொருள். மரண தண்டனை விதித்தார்கள், பிறகு டேவன்போர்ட் சிறை முகாமில் வைத்தார்கள். அங்கே கிறித்தவரானார், தாமஸ் வேக்மன் ஆனார். விடுதலைக்குப் பின் ஃப்ளாண்ட்ரோவில் குடியேறி 1879-இல் டகோட்டாக்களிடையே முதல் ஒய்.எம்.சி.ஏ. தொடங்கினார். ஜெஸ்ஸி அவர் மகன்.

ஜான் வேக்மன் வேறு ஆள். அவர் உன்க்டோமி ஸ்கா, 'வெள்ளைச் சிலந்தி', பெரிய இடியின் மகன். அதாவது டாஓயாட்டே டூட்டாவுக்கு மாற்றாந்தாய்த் தம்பி, சுட்ட கோஷ்டியில் இல்லாதவர். தாமஸுக்குச் சித்தப்பா, டகோட்டா முறையில் ஆட்டே. அத்தைமகள் சொன்ன சிக்கலுக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா? இரண்டு வேக்மன்கள், ஒருவர் மற்றவருக்கு 'தந்தை'. தொடர்பு தெரியாத ஆள் வரைந்தால் ஜானைக் கொண்டுபோய் லிட்டில் க்ரோ இடத்தில் உட்கார வைத்துவிடுவார்.

தேட விரும்புகிறவர்களுக்கு: 1885 முதல் 1940 வரை ஆண்டுக் குடிக்கணக்குப் பதிவேடுகள் அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. பல பதிவுகளில் டகோட்டாப் பெயரும் ஆங்கிலப் பெயரும் ஒரே வரியில் கிடைக்கும். 1890-இல் அமெரிக்கப் பழங்குடிகளுக்கான 'இந்திய விவகார அலுவலகம்' எல்லோருக்கும் குடும்பப் பெயர் எழுதச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் ஒரே ஆள் இரண்டு பெயரில் வருவார். இன்றைக்கு உயிரோடு இருக்கும் வாரிசுகள் பெயரை மட்டும் இங்கே போடாதீர்கள், அது நம் வேலை இல்லை.

ஊர்க்குருவி

தாமதமாக வருகிறேன். பிறப்பு வரிசைப் பெயரை யாரும் சொல்லவில்லையே? டகோட்டாப் பிள்ளைக்கு முதலில் கிடைப்பது அதுதான். தலைச்சன் ஆண் சஸ்கே, அடுத்து ஹேப்பான், ஹேப்பி, சாட்டான், ஹாக்கே. தலைச்சன் பெண் வினோனா. நம் வீட்டில் பெரியவன், நடுவுலான், கடைக்குட்டி என்கிறோமே, அதையே பெயராக வைத்தது போல. மினசோட்டாவில் சாஸ்கா, வினோனா என்று ஊர்களே இருக்கின்றன. மூத்த பையன், மூத்த பெண் என்று ஊருக்குப் பெயர்!

அதனால் பதிவேட்டில் 'சஸ்கே' என்று ஒரு பெயர் கண்டால் ஆளைப் பிடித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள், வீட்டுக்கு ஒரு சஸ்கே. இந்தக் குழப்பம் ஓர் உயிரையே வாங்கியது. 1862 டிசம்பர் 26 அன்று மன்கேட்டோவில் 38 டகோட்டா ஆண்களை ஒரே நேரத்தில் தூக்கிலிட்டார்கள். அதில் ஒருவர் சஸ்கே என்று அறியப்பட்டவர். போரின்போது சாரா வேக்ஃபீல்ட் என்ற வெள்ளைக்காரப் பெண்ணையும் குழந்தைகளையும் காப்பாற்றியவர். தூக்கிலிடச் சொல்லி அதிபர் லிங்கன் அனுப்பிய பட்டியலில் அவர் இல்லை. அதே மாதிரிப் பெயர் கொண்ட வேறொருவரைக் கூப்பிட்டபோது இவரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்.

கரிசல்மண்

படித்துவிட்டு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

ஏரிக்கரையான்

எல்லோருக்கும் நன்றி. நேற்று சார்ட் கொடுத்தாகிவிட்டது. புதுப் பேப்பர் வாங்கி, மேலே செட்டான் வாக்கூவா மானி, நடுவில் வாக்கின்யான் டாங்கா, கீழே டாஓயாட்டே டூட்டா. 'லிட்டில் க்ரோ' மூன்றுக்கும் பக்கவாட்டில் பென்சிலில், 'மற்றவர்கள் கூப்பிட்டது' என்று. நான்கு மனைவியருக்கு ஒரே பெட்டி. வேக்மன் இருவருக்கும் நடுவே ஒரு கோடு இழுத்து 'ஆட்டே' என்று எழுதியிருக்கிறாள், ஆசிரியை கேட்டால் சொல்லிக்கொள்வாளாம்.

தமிழில் எனக்காக ஒரு பிரதி வேண்டும் என்றேன். உட்கார்ந்தவள் கேட்டாள்: "டாவுக்கும் டூட்டாவுக்கும் ஒரே எழுத்தா? அங்க ரெண்டும் வேற சத்தமாச்சே."

சொற்பித்தன்

நல்ல காது. முதலாவது வல்லொலி, இரண்டாவது மெல்ல அதிரும் ஒலி. சொல் முதலில் நம் எழுத்து இரண்டையும் பிரித்துக் காட்டாது. வாயால் சொல்லிக் கொடுத்துவிடுங்கள், எழுத்து அப்படியே இருக்கட்டும். சார்ட்டில் படம் ஏதாவது வரைந்தாளா?

ஏரிக்கரையான்

தாத்தா பெயருக்குப் பக்கத்தில் வல்லூறு வரைந்தாள். கறுப்பு ஸ்கெட்ச் மட்டும்தான் வீட்டில் இருந்தது. பார்த்தால் காகம் மாதிரியே இருக்கிறது.